நாலு ஓட்டை மவுத் ஆர்கன்

மழை பிடித்துக்கொண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது. கொட்டித் தீர்க்கவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. பூங்கா ஊஞ்சல் பலகைகளில் தண்ணீர் தேங்கி நின்றது. வீட்டிலேயே இருக்கலாமென்றால் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் மேல் தளத்தை இடிப்பாள். அவளுக்கு ஓயாத தலைவலி. மாடியில் நாலு வயதுப் பையன் நடந்தால் குதிரைவண்டி போகிற மாதிரி கேட்கிறதாம். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டுக்காரர் பேத்தியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். வாங்குவதற்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு.

செருப்புத் தொழிற்சாலையின் வாசலில் முப்பத்தொரு வருஷம் நின்றவர் அவர். சங்கு ஊதியதும் வெளியே வருகிற ஆட்களின் பையைத் திறந்து பார்ப்பது, சாப்பாட்டு டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் காலைப் பார்ப்பது. காலையில் பழைய செருப்போடு போனவன் சாயங்காலம் புதுச் செருப்போடு வருகிறானா என்று. ஐந்நூறு பேரின் செருப்பும் அவருக்கு மனப்பாடம். "ஆளோட மூஞ்சி பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பார். வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் தெருவில் அவருக்குக் கேட்டுக்காரர் என்றே பெயர். மனைவி போனபிறகு மகள் வீட்டின் முன்னறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. மருமகனுக்கு ஏதோ ஒரு மலையில் சுரங்கப்பாதை வெட்டுகிற வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். மகள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். நாள் முழுக்க நீராவியில் விரிப்புகளை உதறி உருளையில் கொடுத்து எடுக்கிற வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரைத் தவிர ஆள் இல்லை.

அன்று சனிக்கிழமை. மகளுக்குச் சனிக்கிழமையும் வேலை இருந்தது.

"தாத்தா, இன்னிக்கு மீன் கடையா, விளக்குக் கடையா?" என்றாள் பேத்தி. எட்டு வயது. படி இறங்கும்போதே தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற சுபாவம். அவளைக் கேட்டுக்காரர் 'பெரிய மனுஷி' என்றுதான் கூப்பிடுவார்.

"மொதல்ல விளக்குக் கடை. அங்கதான் கதகதன்னு இருக்கும்."

"நான் எல்லா லைட்டையும் எண்ணுவேன்" என்றான் சின்னவன்.

"நேத்துதான எண்ணின?"

"நேத்து பதினாலு வந்ததும் எனக்கு மறந்துபோச்சு."

விளக்குக் கடையில் அன்றும் பதினாலில் மறந்துபோயிற்று. மீன் கடையில் வாய் மட்டும் பெரிதாக இருந்த ஒரு கறுப்பு மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று சின்னவனைப் பார்த்தது. "இது நம்ம கீழ்வீட்டு ஆன்ட்டி" என்றான். பெரிய மனுஷி சிரித்ததில் மூக்கு ஒழுகிவிட்டது. இரும்புக் கடைக்காரர் பூட்டுகளைப் பூட்டித் திறந்து பார்க்க விடுவார். அதிலேயே அரைமணி போனது. கடைசியில் காகிதக் கடை.

நோட்டு, பென்சில், உறை, பசை, பரிசுத்தாள், பிள்ளைகளுக்கான சில்லறைச் சாமான்கள். கடைக்காரம்மா காதில் பென்சில் செருகிக்கொண்டு எப்போதும் எதையாவது தாளில் சுற்றிக்கொண்டிருப்பாள். அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் புதுச் சாமான்கள் வைத்திருந்தாள். பூதக்கண்ணாடி, சாவி வளையம், விசில், அப்புறம் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மவுத் ஆர்கன். நாலே ஓட்டை. தகரம்தான், ஆனால் வெள்ளிமாதிரி மினுங்கியது.

"எடுத்துப் பாக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள் பெரிய மனுஷி.

"பாரு. வாயில மட்டும் வெச்சுடாத. வெச்சா வாங்கிக்கணும்."

"வெக்க மாட்டேன்." அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "தாத்தா, வாசல்ல நல்லா காத்தடிக்குதுல்ல? காத்துல புடிச்சா தானா ஊதும்ல?"

கடைக்காரம்மாவே சிரித்துவிட்டு, "ஊதினா எனக்கும் சொல்லு" என்றாள். பெரிய மனுஷி வாசலுக்கு இந்தப்பக்கமாகவே நின்று, கையை மட்டும் மழைக்காற்றில் நீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள். ஊதவில்லை. திரும்பி வந்து தாத்தாவிடம் நீட்டி, "இது எவ்ளோன்னு பாருங்களேன். வாங்க இல்ல, சும்மா தெரிஞ்சுக்க" என்றாள்.

கேட்டுக்காரர் கோட்டுப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விலைச்சீட்டு எறும்புக்கால் எழுத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து சின்னவன் எட்டி எதையோ இழுக்க, ஒரு கூடை கோலிக்குண்டு கவிழ்ந்து கடை முழுக்க உருண்டோடியது.

"டேய்!"

எல்லோருமாகக் குனிந்து பொறுக்கினார்கள். அலமாரிக்கு அடியில், தாள் கட்டுகளுக்கு இடையில், வாசல்படியில். உறை வாங்க வந்திருந்த ஒரு கிழவரும் குனிய முடியாமல் கைத்தடியால் நாலு குண்டுகளை உருட்டிவிட்டார். கோலி அத்தனையும் கூடைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரம்மா தட்டை நேராக வைத்துவிட்டு, "அந்த மவுத் ஆர்கன் எங்க?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "எங்கயாவது விழுந்திருக்கும்" என்று அவளே மறுபடி குனிந்தாள்.

உறை வாங்க வந்த கிழவர் கேட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். "அட, நம்ம கேட்டு! என்னைத் தெரியுதா? அடித்தோல் தையல்ல இருந்தேனே. ஒரு தடவை என் தொப்பியக்கூட கழட்டிப் பாத்தீங்க." இளித்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்தார். "என்ன, இன்னிக்கு உங்க வீட்டுச் சரக்குக்கே செக்கிங் வந்துடுச்சு போல!"

விளையாட்டாகச் சொன்னதுதான். கேட்டுக்காரருக்குக் காது இரண்டும் சுட்டது.

"நீங்க தேட வேணாம்மா, எழுந்திருங்க" என்றார் கடைக்காரம்மாவிடம். குரலில் ஒன்பது வருஷம் காணாமல்போயிருந்த ஒரு விறைப்பு. "என் வீட்டுப் பிள்ளைங்கன்னு நான் விட்டுட மாட்டேன். இங்க வா. பையத் திற."

பெரிய மனுஷிக்கு முதலில் புரியவில்லை. தன் பையைத் திறந்தாள். ஒரு கைக்குட்டை, தம்பிக்கென்று வைத்திருந்த பாதி பிஸ்கட். கோட்டுப் பைகளை வெளியே இழுத்தார். காலணியைக் கழற்றச் சொல்லி உதறினார். சின்னவனையும் தடவிப் பார்த்தார். அவன் கூசிச் சிரித்தான்.

"எங்க வெச்ச?"

"நான் வெக்கல தாத்தா. உங்க கையிலதான குடுத்தேன்?"

இந்தப் பதிலை முப்பத்தொரு வருஷமாகக் கேட்டவர் அவர். மேஸ்திரி குடுத்தார் சார், பக்கத்து மிஷின்காரி வெச்சுட்டா சார். பிடிபட்டவர்கள் எல்லாருக்கும் பழி போட ஒரு கை கிடைக்கும். இப்போது தன் பேத்தியே தன் கையைக் காட்டுகிறாள், அதுவும் அந்தத் தையல்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அறைந்துவிட்டார்.

"ஐயோ, விடுங்க பெரியவரே!" கடைக்காரம்மா குறுக்கே வந்தாள். "அது என்ன தங்கமா?"

"தங்கமோ தகரமோ, எடுத்தது எடுத்ததுதான். இவ சொல்ற வரைக்கும் நாங்க இங்கேருந்து நகர மாட்டோம்."

சொன்னபடியே நின்றார். ஆட்கள் உள்ளே வந்தார்கள், பசை வாங்கினார்கள், நாடா வாங்கினார்கள், சுவரோரமாக நிற்கிற பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. கன்னத்தில் மூன்று விரல் மட்டும் தெரிந்தது. அவருக்கு அவசரமில்லை, தொழிற்சாலை வாசலிலும் இப்படித்தான் நிற்கவைப்பார். கத்த வேண்டாம், மிரட்ட வேண்டாம், நிற்கவைத்தால் போதும், தானாக வரும்.

"தாத்தா, ஒண்ணுக்கு வருது" என்றான் சின்னவன்.

"அக்காவச் சொல்லச் சொல்லு, போலாம்."

சின்னவன் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றான். "அக்கா, சொல்லேன். அக்கா, வருது."

"நான்தான் எடுத்தேன்" என்றாள் பெரிய மனுஷி.

"எங்க வெச்ச?"

அவள் கண்கள் இங்குமங்கும் தேடி வாசலுக்குப் போயின. "வெளிய. தண்ணி போற ஓட்டையில போட்டுட்டேன்."

"ஆன்ட்டிகிட்ட மன்னிப்புக் கேளு."

"சாரி ஆன்ட்டி. இனிமே எடுக்க மாட்டேன்."

கேட்டுக்காரர் அதன் விலையைக் கல்லாவில் வைத்தார். கடைக்காரம்மா வேண்டாமென்றதைக் காதில் வாங்கவில்லை. தையல்காரரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிஷம் அவருக்குள் ஒரு திருப்தி இருந்தது. கை இன்னும் மழுங்கவில்லை என்கிற திருப்தி. சின்னவன் பாதி வழியில் கால்சட்டையை நனைத்துக்கொண்டான். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மகள் ஆறு மணிக்கு வந்தாள். நீராவியில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காலணியைக் கூடக் கழற்ற விடவில்லை அவர்.

"உன் பொண்ணு இன்னிக்கு என் தலையக் குனிய வெச்சுட்டா."

முழுக்கக் கேட்டுவிட்டு மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பெரிய மனுஷி வந்து கதவோரம் நின்றாள்.

"எடுத்தியா?"

அவள் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள்.

"ஏண்டி? கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பேனே. ஏன் எடுத்த?"

"தெரியலம்மா."

மகள் அடிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கை வேகப் போட்டாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சின்னவன் மேசைக்கடியில் உட்கார்ந்து, "அக்கா திருடி, அக்கா திருடி" என்று ஏதோ பாட்டுப்போல இழுத்துக்கொண்டிருந்தான்.

கேட்டுக்காரர் முன்னறையில் தன் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடி இன்னும் மூக்கின் மேலேயே இருந்தது. மழைத்துளி பட்டு மங்கலாகிவிட்டதென்று கழற்றித் துடைத்தார். வைப்பதற்காகக் கோட்டுப் பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்தார்.

உள்ளே மவுத் ஆர்கன் இருந்தது. விலைச்சீட்டோடு, கண்ணாடி படுக்கிற வெல்வெட்டுத் துணியில், அளவெடுத்துச் செய்த மாதிரி.

கோலி உருண்டது, இடதுகையில் கூடும் அதுவும் ஒன்றாக இருந்தது, கூட்டை டப்பென்று மூடிப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தது, எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கடையில் அவர் தேடாத பை ஒன்றே ஒன்றுதான்.

எட்டு எட்டு வைத்தால் சமையலறை. 'இங்க வாம்மா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். வாயைக்கூடத் திறந்துவிட்டார். அப்போது மகள் அடுப்பின் திருகை மூடுகிற சத்தம் கேட்டது. மூடிவிட்டு, இன்னொரு தடவை திருகி மூடியதா என்று பார்க்கிற சத்தமும் கேட்டது. இரண்டு மாதமாக அவளுக்கு அந்தப் பழக்கம். பால் வைத்துவிட்டு அவர் மறந்துபோய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்ட அன்றிலிருந்து. பாத்திரம் கருகி, திரை பற்றி, கீழ்வீட்டுக்காரி கதவை உடைக்கச் சொல்லி ஆள் கூப்பிட்டாள். அன்றைக்கு மகள் கத்தவில்லை. "அப்பா, இன்னொரு தடவை இப்படி மறந்தீங்கன்னா, நான் பிள்ளைங்கள உங்ககிட்ட விட்டுட்டுப் போக முடியாது. நீங்க எங்க இருக்கறதுன்னும் யோசிக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டை மூடினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது மவுத் ஆர்கன் கட்டிலுக்கடியில், பெட்டிக்குள், அவருடைய பழைய டூட்டி ஷூவின் நுனியில் இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் விடுப்பில் இருந்தாள். துவைத்தாள், சின்னவனுக்கு முடி வெட்டினாள். அவள் முகம் கொஞ்சம் லேசாக இருந்ததால் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் களைத்து வந்ததால் சொல்லவில்லை. எந்த நாளும் ஒரு காரணத்தோடுதான் வந்தது. சொல்லாமல் விட்ட நாள் ஒவ்வொன்றும், அடுத்தநாள் சொல்வதற்கு இன்னும் ஒரு விஷயத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை மகள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். ஒளித்து வைக்கிற ஆள் இல்லை அவள். "டீச்சர், என் பொண்ணு இந்த மாதிரி பண்ணிட்டா, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பு அலமாரியின் சாவி ஆறு மாதமாகப் பெரிய மனுஷியிடம் இருந்தது. வண்ணப் பென்சில், கத்தரிக்கோல் எல்லாம் அவள்தான் எடுத்துக்கொடுப்பாள். சாவியை ஒரு சிவப்பு நாடாவில் கழுத்தில் மாட்டியிருப்பாள். செவ்வாய்க்கிழமை நாடா இல்லாமல் வந்தாள்.

"சாவி எங்க?" என்று சின்னவன் கேட்டான்.

"வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னா நான் திருடினேன்ல" என்றாள், மழை பெய்ததுல்ல என்கிற மாதிரி.

கேட்டுக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவிய ரொட்டியிலேயே மறுபடி மறுபடி தடவினார். அந்த வாரம் யாரும் கடைத்தெருவுக்குப் போகவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டி அடுக்குகிற பிரிவில் இருந்தவள். நீல முக்காடு, இடதுகால் செருப்பில் குதி மட்டும் தேய்ந்திருக்கும். பித்தளைக் கொக்கி ஒரு டப்பா காணவில்லை என்று வாசலில் அவளை நிறுத்தினார். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகவேண்டும் என்றாள். நிற்கவைத்தார். ஒருமணி நேரம் கழித்து, "ஆமா சார், நான்தான்" என்றாள். அன்றோடு வேலை போனது. பத்து நாள் கழித்து மிஷினுக்குப் பின்னாலிருந்து அந்த டப்பா கிடைத்தது. மேஸ்திரி வந்து சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்பது இப்போது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. "ஒத்துக்கிட்டாளே? எதையும் எடுக்காதவ ஏன் ஒத்துக்கறா?" இத்தனை வருஷமும் அவர் அந்தப் பதிலை நம்பியிருந்தார்.

புதன்கிழமை பெரிய மனுஷி பள்ளியிலிருந்து வந்ததும் உள்ளே போகவில்லை. அவர் நாற்காலிக்கு முன்னால் தன் பையைத் தரையில் வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்தாள். கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டாள். இரண்டு காலணிகளையும் கழற்றி, ஒன்றின் பின் ஒன்றாகத் தலைகீழாக உதறிக் காட்டினாள்.

"என்னம்மா பண்ற?"

"பாத்துட்டீங்கன்னா நான் போய்ப் பால் குடிப்பேன்."

"நான் பாக்கணும்னு சொல்லலியே."

"அப்புறமா எதாவது காணாமப் போச்சுன்னா?" என்றாள்.

வியாழக்கிழமையும் அதையே செய்தாள். அன்று சின்னவனும் பக்கத்தில் வந்து நின்று தன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக்கொண்டு, "நானும் எடுக்கல, நானும் எடுக்கல" என்று குதித்தான். அவனுக்கு அது புது விளையாட்டு. கீழே துடைப்பக் கட்டை இடித்தது.

அன்று மாலை மகள் வந்து, மணிக்கட்டுகளை வெந்நீரில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷி தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்காரர் கட்டிலுக்கடியிலிருந்து ஷூவை எடுத்து வந்து, மேசைமேல் கவிழ்த்தார். மவுத் ஆர்கன் விழுந்தது.

"இது என் கண்ணாடிக் கூட்டுல இருந்தது" என்றார். "அவ எடுக்கல. என் கையிலதான் குடுத்தா. நான்தான் வெச்சுக்கிட்டு மறந்துட்டேன்."

மகள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க?"

"அவ சொன்னா. நான்தான் கேக்கல."

பெரிய மனுஷி எழுந்து வந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கிட்டத்தில் பார்த்தாள், தொடவில்லை. 

"அப்போ நான் எடுக்கலியா?" என்றாள்.

"இல்லடா கண்ணு."

"ஓட்டையில போட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கே. டங்குன்னு சத்தம்கூடக் கேட்டுச்சே."

மகளின் வாயிலிருந்து ஏதோ ஒரு ஒலி வந்தது. ஈரக் கையோடு பெண்ணை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். "நீ எடுக்கல. எதையும் போடல. கேட்டுதா? எடுக்கல." பிறகு அவள் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். "எப்போ கிடைச்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அன்னிக்கே" என்றார். "நீ உருளைக்கிழங்கு வேக வெச்சிட்டிருந்த."

"சனிக்கிழமையே?"

"ம்."

"நான் டீச்சர்கிட்டப் போய்ச் சொன்னேன்பா." குரல் உயரவில்லை. "நானே என் வாயால போய், என் பொண்ணு திருடிட்டான்னு சொல்லிட்டு வந்தேன். அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்த அடுப்பு விஷயத்துக்காகவா மறைச்சீங்க?"

அவர் தலையாட்டினார்.

"அடுப்ப மறந்தா வீடு எரியும். அத எப்படியாவது அணைச்சுடலாம்" என்றாள். மேலே சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகப் போனவள் கதவருகில் நின்று, "கோவத்துல எங்கயாவது போயிடாதீங்க. நாளைக்கு எனக்குக் காலைலயே ஷிப்டு. உங்கள விட்டா எனக்கு ஆளு இல்ல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் அவள் அரைமணி முன்னதாகக் கிளம்பிப் பள்ளிக்கூடம் போய்விட்டு வேலைக்குப் போனாள். டீச்சர் நம்பினார்களா, தாய்ப்பாசம் என்று நினைத்தார்களா தெரியவில்லை. 'அடுத்த தவணையில் பார்க்கலாம்' என்றார்களாம். சாவி வேறு பெண்ணிடமே இருந்தது.

சனிக்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. "கடைக்குப் போய்க் குடுத்துட்டு வரலாம். நீயும் வரணும். அவங்க முன்னால சொல்லணும்" என்றார். பெரிய மனுஷி மறுக்கவில்லை. தம்பிக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். மவுத் ஆர்கனைக் கல்லாவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இது உங்க கடைச் சாமான். என் கண்ணாடிக் கூட்டுல இருந்தது. நான்தான் மறதியா எடுத்துட்டுப் போயிட்டேன். என் பேத்தி எடுக்கல. அவள அடிச்சது என் தப்பு."

கடைக்காரம்மா அவரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். முகம் கனிந்தது.

"சரி, கிடைச்சுடுச்சுல்ல. விடுங்க. குழந்தைங்கன்னா அப்படி இப்படித்தான்."

"குழந்தை இல்லம்மா. நான்."

"புரியுது பெரியவரே. எங்க மாமனாரும் இப்படித்தான். பேரன் எத ஒடச்சாலும் நான்தான் ஒடச்சேன்னு வந்து நிப்பாரு." பக்கத்தில் நின்ற ஒருத்தி சிரித்து, "தாத்தாமாருக்கு மனசு கேக்காது" என்றாள்.

"நான் சொல்றத முழுசா கேளுங்க. தண்ணி போற ஓட்டையில போட்டேன்னு சொன்னாளே? போட்டிருந்தா இது எப்படி என்கிட்ட இருக்கும்?"

கடைக்காரம்மா யோசித்தாள். "அதான, போடல. வீட்டுல எடுத்து வெச்சிருந்திருக்கா. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க." குனிந்து பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்: "எடுக்கறதவிட பொய் சொல்றதுதான் கண்ணு பெரிய தப்பு. இனிமே சொல்லாத, என்ன?"

 வாசலில் நின்ற காலத்தில் ஒரு ஆள் குற்றவாளி என்று ஐந்நூறு பேரை நம்பவைக்கக் கேட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை போதும். இப்போது எத்தனை சொன்னாலும் அது ஒரு நல்ல தாத்தாவின் பாசமாகவே போய்ச் சேர்ந்தது. "நான்தான்னு சொல்றேனே!" என்று கத்தினார்.  எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"தாத்தா, போலாம்" என்றாள் பெரிய மனுஷி.

"இரு. இவங்களுக்குப் புரியணும்."

"புரியாது தாத்தா. அன்னிக்கு நான் சொன்னப்போ உங்களுக்கும் புரியலல்ல?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல். கடைக்காரம்மா மவுத் ஆர்கனை அவள் பக்கம் நகர்த்தி, "காசு குடுத்தாச்சு, இது உன்னோடதுதான். எடுத்துக்கோ" என்றாள்.

"எனக்கு வேணாம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

தெருமுனையில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. கேட்டுக்காரர் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினார். பெரிய மனுஷி நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். "இறுக்கப் புடிச்சுக்கோங்க, இவன் ஓடுவான்" என்றாள்.

வலதுபக்கம் பார்த்தாள், இடதுபக்கம் பார்த்தாள், தனியாகக் கடந்து போனாள். அவர் ஒரு கையில் பேரனோடும், மறுகையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமலும் இந்தப்பக்கமே நின்றுவிட்டார். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது. அவை போனபிறகு பார்த்தால், எதிர்ப்பக்க நடைபாதையில் அவள் தூறலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப வரலாம்" என்று அங்கிருந்து கத்தினாள். "மெதுவா வாங்க."